எண்ணித் தொடங்கியது யார்

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காரன் என்று அப்புறம் சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். கதவுக் கீலையும் சைக்கிள் பிரேக் கம்பியையும் வைத்து, காலால் மிதித்து டிரம் அடிக்கும் பெடலை நானே செய்தேன். பிஸ்கட் தகரத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி டிரம் செய்தேன். இசைக்குறிப்பில் ஒரு புள்ளிகூட வாசிக்கத் தெரியாமல், கோட்டுப் போட்டவர்கள் வந்துபோகும் ஓட்டலில் ஜாஸ் வாசிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் பல வருடம் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த முக்காலியில் எனக்கு முன்னால் ஒரு தமிழனும் உட்கார்ந்ததில்லை. பாட்டும் கட்டினேன். வாயால் கட்டினேன், விரலால் கட்டினேன், காகிதத்தில் கட்டத்தான் தெரியவில்லை. அந்த ஒரு குறைதான் இந்த வயதில் என் கழுத்தைப் பிடிக்கிறது.

போன மாதம் தேக்கா சந்தை மாடியில் மணியின் தையல் கடைக்குப் போயிருந்தேன். கால்சட்டை இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது என் பழக்கம். மணிக்கு அது தெரியும். இழுத்த அளவுக்குமேல் இரண்டு விரல் கூட்டித்தான் வெட்டுவார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தையல் மெஷின் மேல் அவருடைய கைப்பேசி பாடிக்கொண்டிருந்தது. பியானோவில் மூன்று சுரம். அதற்கடியில், இப்போதுதான் தூங்கி எழுந்தவன் நடக்கிற மாதிரி டிரம். என் வயிறு தானாக வெளியே வந்துவிட்டது.

“என்ன மணி பாட்டு இது?”

“யாரோ சேவியராம் அண்ணே. இப்ப இல்லையாம். நம்ம ஊர் ஆள்தான் லா, பழைய ரெக்கார்ட கிளீன் பண்ணிப் போட்டிருக்காங்க. நல்லா கட்டியிருக்கார் மனுசன்.”

“அது என் பாட்டு.”

மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து நாடாவைப் பார்த்தார். “அப்படியாண்ணே,” என்றார், மரியாதையாகத்தான். நாற்பது என்று எழுதிக்கொண்டார். இடுப்பைத்தான் சொல்கிறேன்.

என்ன செய்வது, கீழே இறங்கி வந்தேன். தே கடையில் தேநீருக்கு வைத்த பாலை அடிப்பிடிக்க விட்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு அப்பா வந்துவிடுவார். அப்பா பால்காரர். இந்த வட்டாரத்தில்தான் எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்தது. விடிவதற்கு முன்பே கறந்து, பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று கேன்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். பின்னால் மூடி விழாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. சும்மா பிடித்துக்கொண்டு வருவதற்கு நான் என்ன பொம்மையா? விரலால் தட்டிக்கொண்டே வருவேன். பால் நிறைந்த கேன் ‘தொம்’ என்று மண்ணைத் தட்டினாற்போல் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஊற்ற ஊற்ற, கேனுக்குக் குரல் திறக்கும். முதல் வீட்டில் ஊமையாக இருந்த மூன்றும் கடைசி வீட்டுக்கு வரும்போது மணி மணியாகப் பேசும். அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: “தட்டாதடா, பால் திரிஞ்சிரும்.” ஒருநாளும் திரிந்ததில்லை. ஆனால் ஏதாவது ஒரு வீட்டில் பால் சரியில்லை என்று குறை சொன்னால் போதும், அன்றைக்குப் பழி என் விரலுக்குத்தான்.

ஏன் இவ்வளவு பால் கதை என்று நினைக்காதீர்கள். மணியின் கைப்பேசியில் ஓடிய பாட்டே அதுதான். மூன்று சுரம், மெதுவாக, மூடிக்கொண்டு. அடுத்த சுற்றில் அதே மூன்றும் கொஞ்சம் மேலே ஏறும். அதற்கடுத்த சுற்றில் இன்னும் மேலே, இன்னும் திறந்து. கேன் காலியாகிற சத்தம். பியானோக்காரனுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

சேவியர் நல்ல மனிதர். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் படித்தவர். ஓட்டலில் மூன்று பேர் கொண்ட ஜாஸ் குழு ஒன்றை வைத்திருந்தார். நான் அங்கே போனது வாசிக்க அல்ல, டிரம் தூக்க. பகல் வேளையில் அந்த அறையில் முதல் நாள் சிகரெட்டும் ஈரக் கம்பளமும் சேர்ந்து நாறும். டிரம்களை அடுக்கி வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் நானும் கொஞ்சம் தட்டுவேன். ஒருநாள் சேவியர் பியானோவில் எதையோ பழகிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து டிரம் மேல் கம்பிப் பிரஷ்ஷால் தாளம் தேய்த்துக்கொண்டே போனேன். திடீரென்று பயம் வந்து நிறுத்திவிட்டேன். அவர் திரும்பாமலே, “ஏன்டா நிறுத்துன?” என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு. ஏற்கெனவே இருந்த டிரம்காரர் ஊருக்குத் திரும்பியபோது, அவருடைய கோட்டு எனக்குத் தோளில் சரியாக இருந்தது. கையில் மட்டும் நீளம், மடித்துத் தைத்துக்கொண்டேன்.

மழை கொட்டிய ஒரு மாலை. கூட்டமில்லை. நான் டிரம்களை ஒவ்வொன்றாக இறுக்கி, அப்பாவின் மூன்று கேன்களுக்கும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். சும்மா, ஆசைக்குத்தான்.

“என்னடா சத்தம் அது?” என்றார் சேவியர்.

“எங்கப்பா பால் கேனுண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. மறுபடி தட்டச் சொன்னார். தட்டிக்கொண்டே, கேன் காலியாகக் காலியாக எப்படி ஏறும் என்பதை வாயால் பாடிக் காட்டினேன். பியானோவில் தேடித் தேடி அதைப் பிடித்தார். “இரு, மறந்துருவோம்” என்று சொல்லி, பென்சில் எடுத்து அவர் எழுதினார். நடுவில் பாட்டு சட்டென்று இறங்கி இருட்டாகும் ஓர் இடம் வரும். அது அவர் போட்டது. என்னுடையது என்று சொல்லமாட்டேன், அது எனக்கு வரவே வராது. ஓட்டலில் தமிழ்ப்பேர் எடுபடாது என்று, பால்காரர் வீடு வீடாகச் சுற்றிவருவதைச் சொல்லும் ‘மில்க் ரவுண்டு’ என்ற பெயரை வைத்தோம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மற்றக் குழுக்களில் டிரம்காரன்தான் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணி எல்லாப் பாட்டையும் தொடங்கிவைப்பான். சேவியர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். எந்த வேகத்தில் போகவேண்டும் என்பது கட்டினவனுக்குத்தான் தெரியும், அதனால் கட்டினவன்தான் எண்ணவேண்டும் என்பார். அவர் பாட்டுகளை அவர் ஆங்கிலத்தில் எண்ணுவார். ‘மில்க் ரவுண்டு’ வந்தால் கையைப் பியானோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவார். “உன் பாட்டு, ஆரம்பி தம்பி.” நான் தமிழில் எண்ணுவேன். முன் மேசையில் பீர் குடிக்கிற வெள்ளைக்காரர்கள் கூடவே “ஒண்ணு, ரெண்டு” என்று கத்துவார்கள். பேஸ் வாத்தியம் வாசித்த ஓமார் எதற்கும் வாயே திறக்காதவர். அவர்கூட அப்போது உதட்டசைத்து எண்ணுவார்.

பிறகு ரெக்கார்டு போட்டோம். உறை அச்சாகி வந்தபோது, எல்லாப் பாட்டுக்கும் இசை சேவியர் என்று இருந்தது. காகிதம் அவர் கையெழுத்தில் இருந்ததால் அச்சடித்தவர்கள் அப்படியே போட்டுவிட்டார்கள். நான் காட்டினேன். சேவியருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அடுத்த ரெக்கார்டுல மாத்திடலாம் தம்பி” என்றார். மனதாரத்தான் சொன்னார். அடுத்த ரெக்கார்டு வரவில்லை. டிஸ்கோ வந்தது, பிறகு தானாகப் பாடும் இயந்திரம் வந்தது, எங்கள் மூன்று பேருக்கும் கைகுலுக்கி வணக்கம் சொல்லிவிட்டார்கள்.

மணி கடைக்குப் போய்வந்த அடுத்த வாரமே தோ பாயோவுக்குப் போனேன். சேவியரின் மகள் ஷீலா அங்கேதான் இருக்கிறாள். அப்பாவின் பாட்டுகளையெல்லாம் தொகுத்து, கூடவே ஒரு சின்னப் புத்தகமும் போட்டு ஆல்பமாக வெளியிடப் போகிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். மணி கேட்டது அதிலிருந்து முன்னோட்டமாக விட்ட ஒரு பாட்டாம். நல்ல பெண். வந்ததும் வராததுமாக “பசியாறிட்டீங்களா அங்கிள்” என்று கேட்டு ரொட்டி வைத்தாள். சேவியரின் பியானோ மேல் மூன்று பூந்தொட்டி.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்பாவுக்குப் பால் காப்பி என்றால் உயிர், அதனால்தான் பாட்டுக்கு அந்தப் பெயர் என்று அம்மா சொல்லுவாராம். வீட்டில் என்ன குடித்தாரோ, என் எதிரில் அந்த மனிதர் ஒருநாளும் பால் விடாத கோப்பி ஓ தவிர வேறு தொட்டதில்லை.

“பீட் உங்களோடது, ஓகே அங்கிள். டியூன் அப்பாவோடது. கம்போசர்னா டியூன் போட்டவங்கதானே? டிரம்ஸ்னு உங்க பேரைப் பெருசா போடறேன், ப்ராமிஸ்.”

பூந்தொட்டிகளைக் கீழே இறக்கச் சொன்னேன். மூன்று கேன்களையும் ஒவ்வொன்றாகப் பாடினேன், அதைப் பியானோவில் தேடச் சொன்னேன். தேடிப் பிடித்தாள். மூன்று கட்டை, பாட்டின் முதல் மூன்று சுரம். ஜெயித்துவிட்டேன் என்று ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தேன்.

“அங்கிள்,” என்றாள் மெதுவாக, “பாட்டுதான் எல்லாருக்கும் தெரியுமே. கேட்டுட்டு நானும் இப்படித்தான் பாடுவேன்.”

கடித்த ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அவள் சொன்னது நியாயம். நான் கட்டிய பாட்டை நானே பாடினால், கேட்டுப் பாடுகிறவன் ஆகிவிடுகிறேன். இதைவிட ஒரு மனிதனை எப்படி மூலையில் நிறுத்துவது?

அப்போதுதான் கேட்டேன்: “பாட்டுக்கு முன்னாடி தமிழ்ல எண்ணுற குரல் இருக்கே, அது யாருதும்மா?”

“எந்தக் குரல் அங்கிள்? முன்னாடி இருந்த பேச்சு, இருமல் எல்லாம் நாய்ஸ்னு கட் பண்ணிட்டாங்க. கிளீனா இருக்கணும்ல.”

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். டிரம்மர்தான் எப்போதும் எண்ணுவார், இதில் என்ன இருக்கிறது என்றாள். அப்படியானால் மற்றப் பாட்டுகளில் எல்லாம் எண்ணுவது யார் குரல், வெட்டாத ரெக்கார்டைப் போட்டுக் கேள் என்றேன். அவள் பியானோ மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பா பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா அங்கிள்?”

“இல்லம்மா. உங்கப்பா மேடையில ஒருநாளும் மறைச்சதில்ல. கைய மடியில வெச்சுக்கிட்டு என்னத்தான் பார்ப்பாரு. உறையில தப்பாயிருச்சு, அவ்வளவுதான்.”

வெட்டாதது சவுண்டு எஞ்சினியரிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன் என்றாள். அதுவரை, அப்பாவைப் பற்றி ஒரு நினைவு எழுதிக் கொடுங்கள், புத்தகத்தில் போடலாம் என்றாள். மின்தூக்கி வரை கூடவே வந்தாள். கதவு மூடும்போது “கேக்கறேன் அங்கிள்” என்றாள் இன்னொரு தடவை.

கேட்டாளா தெரியவில்லை. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடுமில்லை, சாணிநாற்றமுமில்லை. மழை பெய்தால்கூட மண்வாசனை வருவதில்லை, தரையெல்லாம் ஓடு. ஓட்டலை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். நாங்கள் வாசித்த மாடி அளவுக்கு அண்ணாந்து பார்த்தால் அங்கே யாரோ உட்கார்ந்து கணினி தட்டுகிறார்கள். ஓமார் போய்விட்டார். சேவியர் போய்விட்டார். என்னைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொள்ள ஆளில்லை. மிச்சம் இருந்தது ஒரு ரெக்கார்டின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்த என் குரல். அதையும் இருமலோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டார்கள்.

ஷீலா, நீ கேட்ட நினைவு இதுதான். ஒரு வரி குறைக்காமல் போடு. எண்ணுகிற குரல்களை எல்லாப் பாட்டுக்கும் திரும்ப ஒட்டு. யார் பாட்டு யாருடையது என்று கேட்கிறவர்களே தெரிந்துகொள்வார்கள். ‘மில்க் ரவுண்டு’க்குக் கீழே இசை என்ற இடத்தில் முதலில் என் பெயர், அடுத்து உன் அப்பா பெயர். நடுவில் வரும் இருட்டு அவருடையது என்று நான் சாட்சி சொல்கிறேன். டிரம்ஸ் என்று மூலையில் பெரிய எழுத்தில் போடுகிறேன் என்றாயே, அது வேண்டாம். அந்த இடத்தில்தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேள். பழைய உறையைப் பார்த்து எழுதாதே, அதில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள்.