டோர்சன் டீச்சருக்கு ஓட்டுப் போட்டவர்கள்

மார்லிஸ் டோர்சன் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்பது அவரைத் தவிர எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலமெல்லாம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு, ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழுவுக்கான தேர்தலில் நின்று ஜெயித்தார். அப்புறம் ஊரே அவருக்கு மூன்றாம் வகுப்புதான். மளிகைக் கடை வரிசையில், "டாரில், நேரா நில்லு" என்பார். டாரிலுக்கு மண்டை நரைத்துவிட்டது, மந்தை மந்தையாக மாடு வைத்திருக்கிறான். நேராக நிற்பான், வெட்கங்கெட்டவன்.

போன குளிர்காலத்தில் ஆற்றங்கரைச் சின்னப் பள்ளியை மூடலாம் என்று குழுவில் முதலில் சொன்னவர் இந்த அம்மாள்தான். மூடினால் என் மகள் ரூபி பனியில், விடியும் முன்னே பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகவேண்டும்.

"டீச்சர், சின்னப் பிள்ளைங்க, பாவமில்லையா?" என்று கேட்டேன்.

"பஸ்ல உக்காந்து வாய்ப்பாடு படிக்கட்டும். நீதான் படிக்கவே இல்லையே" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கடைசி முடிவு புதிதாக வரும் குழுவின் கையில் என்றார்கள். மகராசி மறுபடியும் நின்றார்.

தன் பேர் எழுதிக் குச்சியில் மாட்டிய தேர்தல் அட்டைகளோடு வீடு வீடாக வந்தார். "உன் வீட்டு முன்னாடி ஒண்ணு நட்டுக்கட்டுமா?" எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது கொலைக்குச் சமம். "ஐயோ, தாராளமா டீச்சர்!" என்று எல்லோரும் இளித்தார்கள். என் புல்தரையிலும் ஒன்று முளைத்தது. காபி வேறு போட்டுக் கொடுத்தேன், என்னை எதால் அடிக்க! எதிர்த்து நின்ற தீவனக்கடை கிப் ரைனர்ட்டுக்கு அவன் கடை வாசலில் மட்டும்தான் அட்டை. பள்ளியை மூட விடமாட்டேன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே வராது. டீச்சர் அட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். அட்டைதான் ஓட்டு என்று நினைத்த புத்திசாலி!

கிப் ஜெயித்தான். பள்ளி பிழைத்தது.

மறுநாளே ஊர் மொத்தமும், கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த சாப்பாட்டுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு, எழவு வீட்டுக்குப் போவதுபோல டீச்சர் வீட்டுக்குப் போனது. நானும் போனேன்.

"நான் உங்களுக்குத்தான் போட்டேன் டீச்சர்" என்றான் டாரில்.

"நானும்தான்" என்றாள் தபால் ஆபீஸ் ஜோலீன். நானும் சொன்னேன். துளிகூட நாக்கு கூசவில்லை.

டீச்சர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"எல்லாரும் மேஜையில தலையைக் கவுத்துங்க. கண்ணை மூடுங்க. எனக்கு ஓட்டுப் போடாதவங்க கையைத் தூக்குங்க. யாருன்னு நான் வெளியே சொல்லமாட்டேன்."

வகுப்பில் பென்சில் திருடனைப் பிடிக்கச் செய்யும் அதே வேலை. தாடி மீசை வைத்த தடிமாடுகள் அத்தனையும் தலை கவிழ்ந்தன. நானும் கவிழ்ந்தேன். ஆற்றங்கரைப் பள்ளியை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். பிறகு, முழங்கை இடுக்கு வழியாகத் திருட்டுப் பார்வை பார்த்தேன்.

மேஜையைச் சுற்றிலும் கைகள். அந்தக் கோடியில் டீச்சரின் வீட்டுக்காரர் வெர்ன், தலையைக் கவிழ்த்தபடி, எல்லோரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியிருந்தார். அவர்களுடைய பேரனும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்.

அடுப்பு மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சரி, கையை இறக்குங்க" என்றார். "வெர்ன், நீயும் இறக்கு."