மண்டோர் சீட்டில் மாரிமுத்துவின் முகம்

சீட்டு விளையாட்டு செய்கிற தொழிலில் விளையாட ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். குறை சொல்ல ஆள் தானாகவே வரும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே அழலாம்.

நான் லாரி ஓட்டி ஓய்ந்தவன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. என் மகள் கவிதாவும் அவள் தோழியும் ரப்பர் தோட்டத்தை வைத்து ஒரு கணினி விளையாட்டு செய்தார்கள். மழை வருவதற்குள் மரம் சீவி, மங்கு என்கிற கிண்ணத்தில் வடியும் பாலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதை விளையாடியவர்கள் சீட்டுக்கட்டாகவும் வேண்டும் என்றார்கள். அச்சடிக்கக் கையில் காசில்லை. அதனால் கவிதா இணையத்தில் ஊராரிடம் முன்பணம் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே மொய் வாங்குகிற மாதிரி. கெடுவுக்குள் கேட்டது சேராவிட்டால் மொய் அவரவருக்கே திரும்பிவிடும், கல்யாணமும் நின்றுவிடும். சீட்டை நாலு பேரை விளையாட வைத்துப் பார்ப்பது என் வேலை.

மழைக்கு ஓர் ஆள்

கணினியில் மழையைக் கணினியே பார்த்துக்கொண்டது. சீட்டில் யார் பெய்விப்பது? யோசித்து யோசித்து, கடைசியில் எஸ்டேட் வழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். விடியற்காலைப் பெரட்டில், அதாவது பேர் எடுக்கிற இடத்தில், ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வானத்தைப் பார்த்து, மரத்தைத் தொட்டுப் பார்த்து, இன்று சீவலாமா கூடாதா என்று சொல்வார். அதேபோல ஒருவர் மண்டோர். வானச் சீட்டை அவர் மட்டும் பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டு நடக்க வேண்டும்.

முதல் ஆட்டம் எங்கள் வீட்டில். மண்டோர், என் அண்ணி சரோஜா. வெயிலைப் பார்த்துவிட்டு மழை என்றார். மழையைப் பார்த்துவிட்டு எல்லாரையும் மரத்துக்கு அனுப்பினார். ஒருவருக்கும் ஒரு மங்குப் பால்கூட மிஞ்சவில்லை. ஏன் அண்ணி இப்படி என்று கேட்டேன்.

"மண்டோருன்னு சொல்லி உக்கார வச்சிட்டு, நல்லவளா இருன்னா எப்படிலா?"

காது முடி

மண்டோர் சீட்டுக்கு ஒரு முகம் வேண்டும் என்றாள் படம் வரைகிற தோழி. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் மாரிமுத்து என்று ஒரு மண்டோர். லாரிக்கு வருமுன் நானும் அங்கே மரம் சீவினேன். ஒருநாள் மரத்தில் ஈரம் காய்ந்துவிட்டது, சீவலாம் என்று எங்களை அனுப்பினான். சீவி முடித்ததும் மழை கொட்டி, மங்குப் பால் அத்தனையும் வழிந்து போனது. நான் பிந்தி வந்தேன் என்று சொல்லி எனக்கு மட்டும் அரைப்பேர் போட்டான். அதாவது பாதி நாள் கூலி. இப்போது அவனும் நான் இருக்கிற குனோங் ராபாட்டில், எனக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறான். நான் கடைக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

கூடிய புருவம், கையில் மடக்கிய குடை, எதைச் சொன்னாலும் நம்பாத வாய். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண் அப்படியே வரைந்துவிட்டாள். யாருப்பா இது என்று கவிதா கேட்டாள். சும்மா கற்பனை என்றேன். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கற்பனைக்கு எதுக்குப்பா காதுல முடி?"

தெலுக் இந்தான் பாட்டாளி

தெலுக் இந்தான் கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்ததும் மேசை போட்டேன். ஒரு அக்கா வந்தார். ஆயுளில் பாதி மரம் சீவியவர். ஆட்டத்தை விளக்கினேன். பெரட்டு, மரம், மழை, மங்கில் உறைந்த கட்டிப்பால் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அந்த வேலைய விட்டுத் தொலைச்சி நிம்மதியா இருக்கேன் தம்பி. மறுபடியும் பெரட்டுக்குக் கூப்பிடறியே, சம்பளம் உண்டா?"

குடையோடு வந்த விருந்தாளி

கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பாதிகூடச் சேரவில்லை. கவிதா சோற்றைப் பிசைந்துகொண்டே போனைப் பார்ப்பாள், போனைப் பார்த்துக்கொண்டே சோற்றை மறப்பாள். கடைசி முயற்சியாக மண்டோர் படத்தைப் பணம் கேட்ட பக்கத்தின் முகப்பில் போட்டாள். அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, இரண்டாம் நாளே மாரிமுத்துவை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே குடை.

கவிதாவுக்குப் பார்த்ததுமே ஆள் யாரென்று புரிந்துவிட்டது. படத்தை எடுத்துவிடு என்று அவன் சொன்னால் வேறு வரைய நேரமில்லை. அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தான், ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டான், மண்டோராக இரண்டு சுற்று விளையாடினான். பிறகு சீட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் தப்பா சொன்னா எனக்கு ஒன்னுமே ஆவாதா? எனக்கு மேல இருந்த கிராணி என்னைய சும்மாவா விட்டாரு? பால் கொறஞ்சா மொத ஏச்சு எனக்குத்தான்லா."

அண்ணி திருந்திய கதை

தவறாகச் சொன்னால் மண்டோருக்கும் பால் குறையும் என்று அன்றே விதியை மாற்றினாள் கவிதா. மறுநாள் அண்ணி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆட்டம் ஆட்டமாகிவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. போயும் போயும் இவனா சொல்ல வேண்டும்?

அதோடு விட்டானா? பழைய எஸ்டேட்காரர்களின் வாட்சப் குழுவில், என் மூஞ்சி சீட்டில் வந்திருக்கிறது, எல்லாரும் வாங்குங்கள் என்று பெருமையாகப் போட்டுவிட்டான். அவனிடம் அரைப்பேர் வாங்காதவர் அந்தக் குழுவில் யாருமில்லை. மொய் கொட்டியது. கெடுவுக்கு முதல் நாளே தொகை தாண்டிவிட்டது. தைப்பிங்கிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, அந்த மூஞ்சிய மேசையில ஓங்கி அடிக்கலாம்ல? அப்ப எனக்கு ரெண்டு பெட்டி போடுங்க."

அடுத்த தெரு

அச்சாகி வந்ததும், முதல் பெட்டியை மாரிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் கவிதா. சுற்றிப் போக வழியில்லை. நேராகவே போனேன். அவன் பெட்டியைப் பிரித்து, தன் சீட்டைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். அவன் மனைவி தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் கலக்கி வந்து வைத்தார். நல்ல வார்த்தை ஏதாவது சொல்வான் என்று நானும் குடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

"மூஞ்சி சரியாத்தான் இருக்கு வேலு. ஆனா அன்னைக்கி நீ பிந்தித்தான் வந்தே."

ஆக, ஊராரிடம் காசு சேர்த்துச் சீட்டுக்கட்டு போட நூறு சிநேகிதர்கள் தேவையில்லை, ஊரறிந்த பகையாளி ஒருவன் போதும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றது. ஆனால் அன்று நான் பிந்தி வரவில்லை.