மகனோடு வசிப்பதாக நான் எழுதிய விண்ணப்பம்

திருவண்ணாமலையில் எங்கள் தெரு நலச் சங்கத்தின் சார்பில், ஏழையருக்குக் குடும்ப அட்டை விண்ணப்பம் எழுதித் தருகிறேன். கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்கும் குப்பம்மாள் ஒருநாள் வந்தார்.

"புள்ள ஊட்டுப் பின்னால தனியா ஆக்கித் தின்றேங்க," என்றார்.

பெற்ற தாயை மகன் ஒதுக்கிவிட்டான் என்று அரசுத் தாளில் எழுதுவது இழிவெனக் கருதி, "மகனுடன் வசிக்கிறார்" என்று எழுதினேன். படிக்கத் தெரியாத அவர் கைநாட்டு வைத்தார். ஒரே அடுப்புக்கு இரண்டு அட்டை கிடையாது; மகனுக்கு அட்டை இருப்பதால் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்த அட்டையின் அரிசியில் ஒரு பிடிகூட அவருக்குக் கிடைத்ததில்லை.

"ஆபீஸ்ல உங்க எழுத்து அழகா கீதுன்னாங்க ஐயா. அரிசிதான் இல்லைன்ட்டாங்க," என்றார்.

இப்போது அடுப்பை நேரில் பார்த்தபின்பே எழுதுகிறேன். உரக்கப் படித்துக் காட்டியபின்பே கைநாட்டுக் கேட்கிறேன். குப்பம்மாளின் மறுவிண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில் கிடக்கிறது. அவர் இரவல் அரிசியில் கஞ்சி காய்ச்சுகிறார்.