பறவையின் வால்

மூன்று வருடம் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் வேலை பார்த்தேன். கிரேக்கத் தீவு ஒன்றில் தோண்டி எடுத்த சின்னக் கற்களுக்கு அட்டவணை எழுதும் வேலை. எழுத்து வெட்டிய துண்டுகள், ஒரு விரல், ஒரு காது, ஆடையின் மடிப்பு. கற்கள் அந்த நாட்டு அருங்காட்சியகத்திலேயே இருந்தன. மொன்றியலில் எங்களிடம் இருந்தவை படங்களும், கல்லின்மேல் ஈரத்தாளை அடித்து எடுத்த பிரதிகளும்தான். தாள் காய்ந்ததும் எழுத்துகள் அதில் புடைத்து நிற்கும்.

அகழ்வை நடத்திய பேராசிரியைக்கு எண்பது தாண்டியிருந்தது. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக இருந்தார். வியாழன்தோறும் போய், அந்த வாரம் எழுதிய பதிவுகளை வாசித்துக் காட்டுவேன்.

ஒரு நவம்பரில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று, அவர் மாணவியாக இருந்தபோது தானே கண்டெடுத்த துண்டு: எதையோ ஏந்திய குழந்தைக் கை, கீழே மூன்று எழுத்துகள். மற்றது பல வருடம் கழித்துக் கிடைத்தது. அதிலும் சில எழுத்துகள் இருந்தன. உருவத்தை மட்டும் யாரோ ‘விலங்கு?’ என்று குறித்திருந்தார்கள். உடைந்த விளிம்புகள் பொருந்தின. விலங்கு என்று குறித்திருந்தது பறவையின் வால். எழுத்துகள் சேர்ந்து ஒரு சிறுமியின் பெயராயின. அது அவளுடைய கல்லறைக் கல்.

அந்த வியாழன் இரண்டு துண்டுகளின் தாள் பிரதிகளையும் மேசையில் சேர்த்து வைத்து, அவர் விரல்களை மேலே வைத்தேன். எழுத்தெழுத்தாகத் தடவி வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“கற்களை ஒட்டச் சொல்லி எழுதுங்கள்,” என்றார். “ஒட்டியாயிற்று என்று கேட்டுவிட்டால் எனக்குப் போதும்.”

அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். ஜனவரியில் பதில் வந்தது. முதல் துண்டு இருக்கிறது, இரண்டாவது துண்டு தட்டில் இல்லை, களஞ்சியத்தை இடம் மாற்றியபோது தவறியிருக்கலாம். தேடுகிறோம் என்றுகூட எழுதவில்லை.

அடுத்த வியாழன் கதவைத் திறந்ததுமே கேட்டார், “பதில் வந்ததா?”

“வந்தது. ஒட்டிவிட்டார்களாம்.”

யோசித்துச் சொன்னதல்ல. அவர் தேநீர் போட எழுந்தார். அன்று சுவரைத் தொடாமல் நடந்தார்.

என் கணவர் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிப் பிரிவில் இருக்கிறார். மாலையில் அவரிடம் சொன்னேன்.

“பெட்டி துலைஞ்சால் துலைஞ்சதெண்டுதான் சொல்ல வேணும்,” என்றார். “கிடைச்சிட்டுதெண்டு சொன்னால், பேந்து அந்த ஆள் வந்து நிக்கேக்க என்ன செய்வாய்?”

“அவ இனி அங்க போகமாட்டா.”

“ஓம், போகமாட்டா,” என்றார். பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

பதிவில் என்னால் பொய் எழுத முடியவில்லை. ‘இரண்டாம் துண்டு இப்போது இல்லை, படத்தைக் கொண்டு பொருத்தியது’ என்று எழுதினேன். அவருக்கு வாசிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் காய்ச்சல் வந்து ஒரு வியாழன் போகவில்லை. அந்த வாரம் அவருடைய தங்கை மகள் வந்திருந்தார். அச்சுக்குப் போகவிருந்த அட்டவணைப் பிரதியை மேசையிலிருந்து எடுத்து, அந்தச் சிறுமியின் கல்லைப் பற்றிய பதிவை ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

மறு வாரம் போனபோது தங்கை மகள்தான் கதவைத் திறந்தார். பேராசிரியை என்னை உட்காரச் சொல்லவில்லை.

“எப்போதிருந்து உங்களுக்குத் தெரியும்?”

“ஜனவரியிலிருந்து.”

“வேறு எந்தெந்த வரிகளை விட்டீர்கள்?”

“ஒன்றையும் விடவில்லை.”

“அதை நான் எப்படிச் சரிபார்ப்பது?”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். மேலங்கியைக் கழற்றாமலே திரும்பி வந்தேன். மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தங்கை மகள் மூன்று வருடப் பதிவுகளையும் முதலிலிருந்து அவருக்கு வாசித்தாராம். மே மாதம் பேராசிரியையிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: பிழை இல்லை, அச்சுக்கு அனுப்பலாம். வியாழன் வரும்படி அதில் இல்லை.

ஆகஸ்டில் அவர் இறந்தார். துறை எல்லோருக்கும் அனுப்பிய அறிவிப்பில்தான் அறிந்தேன். இறுதிச் சடங்குக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். தங்கை மகள் என்னைக் கண்டு தலையசைத்தார். அருகில் வரவில்லை. நானும் எழுந்து போகவில்லை.