ஃபயர்ப்ளேஸ் இருந்த மூலை

பிஸ்கட்டவேயில் வீடு தேடியபோது என் கணவர் கேட்டது கிழக்கு வாசல். எனக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் அந்தப் பழைய வீட்டின் ஹாலில், ஃபயர்ப்ளேஸைச் சுற்றியிருந்த வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பார்த்ததும் இதுதான் வீடு என்று சொல்லிவிட்டேன். அதன் மேல் யார் யாரோ வெள்ளைப் பெயின்ட்டை அப்பி வைத்திருந்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க, சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து சுரண்டினேன். உள்ளே ஒரு திராட்சைக்கொடி இருந்தது, இலைக்குப் பின்னால் ஒரு குருவியும். கறுப்புப் பாலிஷ் தேய்த்து முடித்த அன்று, இந்த நாட்டுக்கு வந்து நான் உருப்படியாகச் செய்த காரியம் இதுதான் என்று தோன்றியது.

எங்கள் கிரீன் கார்டு இழுத்துக்கொண்டே போனது. கோயம்புத்தூரிலிருக்கும் நாத்தனார் ஒரு வாஸ்துக்காரரைப் பிடித்துக் கொடுத்தார். வீடியோ காலில் வீட்டைச் சுற்றிப் பார்த்த அந்த மனிதர், ஃபயர்ப்ளேஸ் வந்ததும் நிறுத்தினார்.

"போன்ல காம்பஸ் இருக்குமுங்களே, அதை அது மேலயே வெச்சு எந்தத் திசைன்னு பாருங்க."

கணவர் வைத்தார். வடகிழக்கு காட்டியது.

"ஈசானிய மூலைல நெருப்புங்க. அப்புறம் எப்படிங்க காரியம் நடக்கும்?"

கிரீன் கார்டு வராத அத்தனை பேர் வீட்டிலும் ஃபயர்ப்ளேஸா இருக்கிறது என்று கேட்டேன். அதைத் தொடக் கூடாது என்றும் கணவரிடம் சொன்னேன்.

மறு வாரம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சட்டம் கராஜில் இரண்டு துண்டாகக் கிடந்தது. குருவியின் கழுத்தோடு விரிசல் போயிருந்தது.

"ஆளுங்க கழட்டிப் பார்த்தாங்க, வரல. சும்மா லேசா தட்டினாங்க. பழைய இரும்புதானே, விடு," என்றார் கணவர்.

வார்ப்பிரும்பைத் தட்டினால் உடையும் என்பது தோசைக்கல்லைக் கீழே போட்ட எவருக்கும் தெரியும். வீட்டிலிருந்தே வேலை செய்கிற மனிதருக்கு என்னை ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சுவரில் மிச்சமிருந்த செங்கல் ஓட்டைக்கு முன்னால் தரையில் என் போனை வைத்தேன். தென்கிழக்கு. அவருடைய போனையும் வாங்கி வைத்தேன். அதுவும் தென்கிழக்கு. கராஜிலிருந்து ஒரு துண்டைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டேன். முள் வடகிழக்குப் பக்கம் ஓடியது. இன்ஜினியரிங் படித்தவர், இரும்பின் மேல் காம்பஸை வைத்துத் திசை பார்த்திருக்கிறார்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வாஸ்துக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"தென்கிழக்குன்னா அக்னி மூலைங்க. அங்க நெருப்பு இருந்தா ரொம்ப விசேஷம். எடுத்துடாதீங்க."

கணவர் போனை வைத்துவிட்டு, "வெல்ட் பண்ணிடலாமா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஹாலில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம், அதை மூடிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

"உங்க வாஸ்துக்காரரையே கேளுங்க," என்கிறேன்.