ஒற்றைக் கோடு

பிள்ளைகளின் மூக்குச் சளியை நம்பிச் சோறு தின்கிற தொழில் எங்களுடையது. லேப்பில் குப்பை கொட்டிய சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் டெக்னீஷியனாக இருந்தேன். கைக்குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் தரும் வைரஸை எந்தப் பரிசோதனை சரியாகப் பிடிக்கிறது என்று ஒப்பிடும் வேலை. ஒரே சளிக்கு மூன்று சோதனை. கால் மணி நேரத்தில் கோடு காட்டும் கார்டு, சாயங்காலம் மைக்ராஸ்கோப், பத்து நாள் வைரஸை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்.

எதை நம்ப?

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் ஒருவர். அவர் மகனுக்கு வைரஸ் இல்லை என்றது கார்டு, உண்டு என்றது மைக்ராஸ்கோப். அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார், அப்புறமா நான் பயப்படறேன்."

பத்து நாள்

கல்ச்சர்தான் மூன்றிலும் பெரிய மனுஷன். கிளம்பி வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். முதன்முதலாக ஒன்று பாசிட்டிவ் ஆனதும் வார்டுக்குப் போன் அடித்தேன். சிஸ்டர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னாள்: "அந்தக் கட்டில்ல இப்போ மூணாவது குட்டியாக்கும் கெடக்குது, சேட்டா."

ஜன்னல்

போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லத்துரை வந்தார். ஏழு மாதப் பெண் குழந்தைக்கு இளைப்பு. ரிசல்ட் தெரியாமல் போகக்கூடாது என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். லேப்பின் தலைவியான மேடம் கையெழுத்துப் போடாமல் ரிசல்ட் ஜன்னலில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

"அண்ணே, தமிழா? மூத்தவனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துட்டோம். வீட்டுக்காரி ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கலாம்ங்கிறா. பஸ் போயிரும்ணே."

கார்டைப் பார்த்தேன். வைரஸ் இருந்தால் இரண்டு கோடு விழும். ஒன்றுதான் விழுந்திருந்தது. தமிழ்ப் பாசம் பொங்கிவிட்டது எனக்கு. "ஒண்ணுமில்ல, போங்க" என்றேன். அவர் கும்பிட்டார்: "உள்ள நம்ம ஆளு இருந்தா ஒரு தைரியம்தான்ணே."

பச்சை

சாயங்காலம் அதே சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வைரஸ் பிடித்த செல்கள் பச்சையாக மினுங்கும். கண் போன இடமெல்லாம் பச்சை. வார்டுக்கு ஓடினேன், கட்டில் காலி. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், பஸ் போய்விட்டது. தோட்ட ஆபீசில் போனை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். மலை இறங்கும்போதே மூச்சு நின்றிருந்தது. மேடம் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "கார்டு 'இல்லை'ன்னு காட்டினா, 'தெரியலை'ன்னுதான் அர்த்தம்னு உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

தாள்

பத்தாம் நாள் கல்ச்சரும் பாசிட்டிவ். அதை அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் செல்லத்துரை நின்றார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

"அண்ணே, நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான்தான் பிள்ளையைக் கொன்னுட்டேன்னு வீட்டுக்காரி சொல்றா."

எந்தச் சோதனை எத்தனை தடவை தப்பாகச் சொன்னது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த நான், வேலை போய்விடும் என்று பயந்து, அந்த ஒரு தாளை மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.