அப்பாவை அடையாளம் காட்டிய கதை

ஒரு காலத்தில் கப்பலுக்கு ரப்பர் ஏற்றிய போர்ட் டிக்சனுக்கு இப்போது கடல் பார்க்க வருகிறவர்கள்தான் பிழைப்பு. கரையோரத்தில் நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள்; அடுக்குமாடி வருகிறது. மாதிரி வீட்டைப் பார்க்க, இப்போது குடியிருக்கும் செண்டாயானிலிருந்து நானே இரண்டு முறை போய், காற்றையும் இலவசக் காப்பியையும் புகழ்ந்துவிட்டு வந்தேன். அப்பாவைப் புதைத்த இடமும் அதில் சேர்த்தி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு மாதா கோயிலில் அறிவித்தார்கள். தோட்டத்துக் கல்லறைகளை டவுனுக்கு மாற்றுகிறார்கள். சொந்தக்காரர்கள் சனிக்கிழமைக்குள் அடையாளம் காட்ட வேண்டும். யாரும் காட்டாத எலும்புகள் பொதுக்குழிக்குப் போகும். முட்டிவலியோடு கிளம்பிய அம்மாவை உட்கார வைத்தேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? பன்னெண்டு வருசமா கல்லறைத் திருநாளுக்கு நான்தானே போறேன்."

போனது உண்மை. மெழுகுவத்தி ஏற்றி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, சட்டை நனையும் முன் காரின் ஏர்கோனுக்குள் திரும்பிவிடுவேன்.

சனிக்கிழமை காலை போனேன். மரச்சிலுவைகளைப் பெயரோடு கறையான் தின்றிருந்தது. நான் தயங்காமல், வருசாவருசம் மெழுகுவத்தி ஏற்றிய கல்லறையைத் தோண்டுகிறவரிடம் காட்டினேன். சுங்கை காடுட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர்; விரல் நீட்டியே பழக்கம். கொஞ்ச நேரத்தில் தோண்டியவர் நிமிர்ந்தார்.

"அண்ணே, ஒங்கப்பா கண்ணாடி வளையல் போடுவாரா?"

அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அன்றுதான் கடைசி நாள். அப்பா எங்கே?

காரை விரட்டிப்போய் வீட்டிலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். அம்மா திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நேரே பின்வரிசைக்கு நடந்து, லாலான் புல்லை விலக்கச் சொன்னார். மண்ணில் கவிழ்த்துப் புதைத்த பீர் போத்தல்கள் ஒரு கல்லறையைச் சுற்றி வரப்பு கட்டியிருந்தன.

"அவரு குடிச்சதுதான். தூக்கிப் போட மனசு வரல, நான்தான் நட்டு வச்சேன்."

அப்பா கிடைத்துவிட்டார். அழுதுகொண்டே தாளில் கையெழுத்துப் போட்டேன். கிளம்பலாம் என்றால் அம்மா நகரவில்லை.

"அந்த வளையல் போட்ட பொம்பளைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல லா, மா."

"பன்னெண்டு வருசம் மெழுகுவத்தி கொளுத்திட்டு, இப்ப பொதுக்குழிக்கு அனுப்பிட்டுப் போவியா?"

இன்னொரு தாள் வாங்கினேன். பெயர் கேட்ட இடத்தில் எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. உறவு கேட்ட இடத்தில் 'பெரியம்மா' என்று எழுதினேன்.